மாமாவின் வெள்ள உதவிப் பணம் திரும்பி வந்தபோது

2017 நவம்பர் 4 இரவு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிபோங் திபாலில் என் மாமாவின் கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். மாடுகளை அவிழ்த்துவிட்டார், தப்பித்தன. ஒன்பது ஆடுகள் போய்விட்டன. நாற்றம் தாங்காமல் மறுநாளே புதைத்துவிட்டார். அங்கேதான் சிக்கல்.

வெள்ள உதவித்தொகைக்குக் கொடுத்த விண்ணப்பப் பாரம் இரண்டு காரணங்களோடு திரும்பி வந்தது: இழப்புக்குச் சான்று இல்லை, வங்கிக் கணக்கில் பெயர் ஒத்துவரவில்லை.

முதலாவதற்கு அத்தையின் கைப்பேசி கைகொடுத்தது. அழுதுகொண்டே மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் தேதி, நேரம் எல்லாம் இருந்தன. ஒன்றில் ஆட்டின் காதுப் பட்டை எண்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கால்நடைச் சேவைத் துறையில் மாமா பதிந்திருந்த எண்களோடு ஒப்பிட்டேன். போலீஸ் ரிப்போர்ட் போட்டு, பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் சாட்சிக் கடிதமும் வாங்கினேன்.

பெயர்க் கதைதான் வேடிக்கை. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், மலாயில் 'ஏ/எல்' (அனாக் லெலாக்கி), பழைய வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் 'எஸ்/ஓ' (சன் ஆஃப்). மகன் என்பதை இரண்டு மொழியில் எழுதியதற்கு எட்டு மாதம் காத்திருப்பு! கணக்கும் பல வருடம் புழங்காமல் முடங்கிக் கிடந்தது. மாமாவையே கூட்டிப்போய், ஐசியைக் காட்டி, பெயரைத் திருத்தி, பத்து ரிங்கிட் போட்டுக் கணக்கை உயிர்ப்பித்தோம்.

அப்புறம் புது வங்கி அறிக்கையோடு மனுவை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையும் கேட்டு வாங்கினேன். ஆறாவது வாரம் பணம் ஏறியது. ஆடுகளின் விலைக்கு ஈடாகாது. மாமா அதில் இரண்டு குட்டிகள் வாங்கி, கொட்டகைத் தரையையும் இரண்டடி உயர்த்தினார்.