குட்டிக் கிண்ணக் காளான்கள்: நுண்ணோக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத கிண்ணக் காளானுக்கு நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மட்டும் பெயர் சொல்ல முடியாது. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இனங்கள் ஏராளம். நுண்ணோக்கிதான் வழி. ஆனால் லென்ஸில் கண் வைப்பதற்குள்ளேயே பாதி அடையாளங்களை அழித்துவிடுகிறவர்கள் நிறைய.

முதல் ஸ்லைடிலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடையோ சாயத்தையோ விடுவதுதான் பெரிய தவறு. அவை செல்களைக் கொன்றுவிடும். புதிதாக எடுத்ததை முதலில் வெறும் தண்ணீரில் பாருங்கள். ஸ்போர்களை, அதாவது காளானின் வித்துகளை, சுமக்கும் ஆஸ்கஸ் பைகள் விம்மி நிற்கும். அவற்றுக்கு இடையிலுள்ள பாராஃபைசிஸ் இழைகளுக்குள் சில இனங்களில் பளபளப்பான குமிழ்கள் தெரியும். ஸ்போருக்குள் எத்தனை எண்ணெய்த் துளிகள், பெரியவையா சிறியவையா என்பதையும் அப்போதே குறித்துவிடுங்கள். அப்புறம் மேலே மூடிய மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு ஹைட்ராக்சைடு விட்டுப் பாருங்கள்: கண்ணெதிரே குமிழ்கள் மறையும், பைகள் சுருங்கும். அதனால்தான் ‘உயிருடன், தண்ணீரில்’ என்றோ ‘காய்ந்தது, ஹைட்ராக்சைடில்’ என்றோ சேர்த்து எழுதாத அளவை நம்ப முடியாது.

அளப்பதிலும் அவசரம் கூடாது. பைக்குள் இருக்கும் ஸ்போர்கள் முதிராதவையாக இருக்கலாம். தானாக வெளியே வந்தவற்றை அளப்பதே சரி. இரண்டு மூன்று போதாது, குறைந்தது இருபது வேண்டும்.

ஆஸ்கஸ் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் அயோடின் சோதனைக்கு மெல்சர், லூகோல் என்று இரண்டு அயோடின் கரைசல்கள் உண்டு. அவற்றில் மெல்சரை மட்டும் நம்புவது இன்னொரு தவறான பழக்கம். சில இனங்களின் ஆஸ்கஸ் நுனி லூகோல் கரைசலில் சிவக்கும், மெல்சரில் நிறமே மாறாது. மெல்சரிலுள்ள குளோரல் ஹைட்ரேட்தான் காரணம். மெல்சரில் மட்டும் பார்த்து ‘நிறம் மாறவில்லை’ என்று எழுதினால் தவறான பேரினத்தில் போய் நிற்போம். ஹைட்ராக்சைடு பட்ட பிறகு அதே நுனி லூகோலில் நீலமாகிவிடும். எனவே லூகோலை முதலில், தனி ஸ்லைடில் பாருங்கள்.

ஆஸ்கஸின் அடிப்பகுதியைப் பலர் பார்ப்பதே இல்லை. ஐரோப்பாவில் ஆஷ் மரங்களைச் சாகடிக்கும் ஹைமனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸும், தீங்கு செய்யாத ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸும் ஆஷ் இலைக்காம்புகளில்தான் முளைக்கும், பார்க்கவும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதன் ஆஸ்கஸ் அடியில் கொக்கி போன்ற வளைவு உண்டு, பின்னதில் இல்லை. கவர் ஸ்லிப்பைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் பைகள் பிரிந்து அடி தெரியும். இந்த இடத்தில் ஹைட்ராக்சைடும் காங்கோ ரெட் சாயமும் நிஜமாகவே உதவும்.

முழுக் கிண்ணத்தையும் நசுக்கிவிடாதீர்கள். பிளேடால் மெல்லிய நெடுக்குச் சீவல் எடுத்தால்தான் வெளிச்சுவரின் செல்கள் உருண்டையா, நீளமா என்று தெரியும். ஓரத்து ரோமங்களும் சிதையாமல் இருக்கும்.

எந்த மரம், கட்டையா, இலைக்காம்பா, பட்டை உரிந்ததா என்பதை எடுத்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். சிறு துண்டு மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.