ஜெர்மன் புள்ளி எழுத்த இங்கிலீஷ் கீபோர்டுல அடிக்கும்போது பண்ற தப்புகள்

ஜெர்மன் கிளாஸ் சேர்ந்த முதல் வாரமே வர்ற தலைவலி இது, நம்ம லேப்டாப்ல உம்லாவுட், அதாவது ஏ, ஓ, யூ மேல ரெண்டு புள்ளி வெச்ச எழுத்து, எங்கப்பா இருக்கு? தேடிப் பாத்துட்டு கெடைக்கலன்னா பாதி பேரு புள்ளியே இல்லாம அடிச்சு அனுப்பிடுறாங்க, புரிஞ்சுப்பாங்க விடுன்னு. புரியாதுங்க. 'ட்ருக்கன்'னா பிரிண்ட் போடுறது, அதே வார்த்தைல யூ மேல ரெண்டு புள்ளி வந்தா அமுக்குறது. நமக்கு பல்லும் பள்ளும் வேற வேற இல்லையா, அதுமாதிரி. வழியே இல்லாத நேரத்துல அந்த எழுத்துக்கு அடுத்து ஒரு ஈ சேத்து ஏஈ, ஓஈ, யூஈன்னு அடிங்க, ஜெர்மன்காரங்களே அப்படித்தான் சமாளிப்பாங்க. எஸ்செட்டுன்னு ஒரு ஜெர்மன் எழுத்து (ß) இருக்கு, அதுக்கு ரெண்டு எஸ். தயவுசெஞ்சு கேப்பிடல் பி (B) போடாதீங்க, பாக்க அப்படி இருக்கும், ஆனா அது பி இல்ல.

அடுத்து இந்த ஆல்ட் கோடு. யூ உம்லாவுட்டுக்கு 0252ன்னு யாரோ சொல்லிருப்பாங்க, நாமளும் ஆல்ட்ட புடிச்சுகிட்டு மேல் வரிசை நம்பரை தட்டோ தட்டுன்னு தட்டுவோம், ஒண்ணும் வராது, ஏன்னா அது வலது பக்கம் தனியா இருக்குற நம்பர் பேடுக்கு மட்டும்தான், சின்ன லேப்டாப்ல அதுவே கெடையாது. இருந்தாலும் நம்பர் லாக் (Num Lock) ஆன்ல இருக்கணும், முன்னாடி இருக்குற பூஜ்யத்தையும் விடக்கூடாது, விட்டா பழைய டாஸ் காலத்து பட்டியல்லேர்ந்து வேற ஏதோ வந்து நிக்கும்.

சரி ஜெர்மன் கீபோர்டையே போட்டுக்கலாம்னு நானும் போட்டேன். ஒய்யும் இசட்டும் எடம் மாறிடுச்சு, அட் சிம்பலும் ஷிப்ட் 2ல இல்ல, பாஸ்வேர்டு தப்பு தப்புன்னு அரை மணி நேரம் போச்சு 😅

விண்டோஸ்ல லாங்குவேஜ் செட்டிங்ஸ் போய் யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்னு ஒரு கீபோர்டு சேத்துக்கோங்க. எழுத்து எதுவும் எடம் மாறாது. வலது ஆல்ட்டோட க்யூ அடிச்சா ஏ உம்லாவுட், பி (P) அடிச்சா ஓ உம்லாவுட், ஒய் அடிச்சா யூ உம்லாவுட், எஸ் அடிச்சா எஸ்செட். பிரெஞ்சு படிக்கிறவங்களுக்கு ஈ மேல கோடும் வலது ஆல்ட், ஈ தான். ஒரே இம்சை, கொட்டேஷன் கீ அமுக்குனா உடனே வராது, அடுத்த எழுத்துக்காக காத்துகிட்டு இருக்கும், கீபோர்டு போச்சுன்னு சர்வீசுக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, ஸ்பேஸ் ஒரு தட்டு தட்டுனா வந்துரும். கோடிங் பண்றவங்களுக்கு இது கடுப்பாகும், விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் அமுக்கி பழைய கீபோர்டுக்கு மாறிக்கலாம்.

மேக்ல ரொம்ப ஈசி, அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா மேல லிஸ்ட் வரும்.