முற்றத்து மழைத் தண்ணீரும் செடி வைத்த மீன்தொட்டியும்

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மீன்தொட்டி வைக்க யோசனை கேட்டு வருகிறவர்கள் எந்த மீன் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் பேர்போனது. எங்கள் போர் தண்ணீரோ குழாய் முனையிலேயே வெள்ளையாகப் படிகிற கடின ரகம். இதில் நியான் டெட்ரா மாதிரி மென்மையான தண்ணீர் கேட்கிற மீனை விடுவது மீனுக்கும் கேடு, காசுக்கும் கேடு. கப்பி, மோலி, பிளாட்டி இதிலேயே சுகமாக இருக்கும்.

செடிக்கு வாலிஸ்நீரியா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போதும். கடைசி இரண்டின் கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையில் நூலால் கட்டுங்கள். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் கல், சல்லி எதையும் அப்படியே உள்ளே போடாதீர்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீர் இன்னும் கடினமாகும்.

செடி நட்டதும் மீன் விடுகிற அவசரம் எல்லாருக்கும் உண்டு. கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை மீன் இல்லாத தொட்டியில், அந்தப் பாக்டீரியாவுக்காக மீன் உணவில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு வாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டட்டும்; பிறகு மீன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இனி நம்ம ஊர்ச் சங்கதி. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான். உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே வற்றியதை ஈடுகட்ட மழைத் தண்ணீர். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றும்போது மழையும் போரும் பாதிப் பாதி. முழுக்க மழைத் தண்ணீர் ஆகாது, அமிலத்தன்மை சட்டென்று மாறிவிடும்.

ஐப்பசி மழையில் முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் கொட்டும்போது முதல் மழையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் மூடி வையுங்கள். எங்கள் அப்பத்தாவுக்குச் செப்பு அண்டாவில் பிடித்தால்தான் திருப்தி. குடிக்க எப்படியோ, தொட்டி நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

வெயில் நேரத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பிராணவாயு குறையும். மூடியைத் திறந்து, மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மீன் எகிறிக் குதிக்காமல் கொசுவலைத் துணி போட்டுக்கொள்ளலாம். ஐஸ் கட்டி வேண்டாம், திடீர்க் குளிர் மீனுக்கு ஆகாது. தீனியையும் குறையுங்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், முற்றத்து வெயில் நேராக விழாத மூலையில் தொட்டியை வைத்து, விளக்கை டைமர் போட்டு 7 மணி நேரம் எரியவிட்டால் பாசித் தொல்லை பாதி குறையும். வெட்டிய தழையை ஊரணியில் வீசாதீர்கள், வெளியூர்ச் செடி அங்கே வேர்விட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டிக்குப் போடுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரையும் அதற்கே ஊற்றலாம்.