கிருஷ்ணகிரியில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போங்கள்

"பெங்களூரில் காலை எட்டு மணிக்கு இறங்குகிறோம். அன்று ராத்திரி மதுரை. மறுநாள் ராமேஸ்வரம், அதற்கு மறுநாள் கன்னியாகுமரி. போகிற வழியில் ஒகேனக்கல்லையும் பார்த்துவிடலாம், இல்லையா?"

வருடத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு வந்துவிடும். ஒரு வருடம் கனடாவிலிருந்து சித்தப்பா மகன், இன்னொரு வருடம் மலேசியாவிலிருந்து அத்தை வீட்டார். செல்போன் வரைபடம் பெங்களூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே ஒரே நீலக் கோடாகப் போட்டுக் காட்டுகிறது, அவர்களும் நம்பிவிடுகிறார்கள். அந்தக் கோடு எங்கள் ஊர் வழியாகப் போவதால் பதில் சொல்வது என் வேலையாகிவிட்டது. தனித்தனியாகத் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

முதலில், அன்றைக்கே மதுரைக்குப் போகாதீர்கள். பெங்களூர் விமான நிலையம் இருப்பது நகரத்துக்கு வடக்கே, தேவனஹள்ளியில். ஓசூர் சாலை இருப்பது தெற்கே. நடுவில் ஒரு முழு பெங்களூரைத் தாண்டியாக வேண்டும். விமானம் அதிகாலை மூன்று மணிக்கு இறங்கினால் விடிவதற்குள் ஓசூர் வந்து காபி குடிக்கலாம். எட்டு மணிக்கு இறங்கினால் அதே தூரம் இரண்டு மடங்கு நேரம் தின்னும். அப்படி இறங்குகிறவர்கள் விமான நிலையத்திலேயே சாப்பிட்டு, சிம் கார்டு வாங்கி, பணம் மாற்றி, பதினொரு மணிவாக்கில் கிளம்பினால் போதும். அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி ஓசூர். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். நேர வித்தியாசத்தில் அரைத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் 340 கிலோமீட்டர் போய் என்ன பார்க்கப் போகிறீர்கள்?

எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை, கிருஷ்ணகிரி ஒரு நல்ல சந்தி. ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக வரும் 48 இங்கே அதோடு சேர்கிறது. ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் 77ஆம் எண் சாலையும், குப்பம் வழியாக ஆந்திராவுக்குள் போகும் 42ஆம் எண் சாலையும் இங்கிருந்துதான் பிரிகின்றன. அதாவது, முதல் நாள் ராத்திரி எங்களூரில் படுத்துக்கொண்டே தெற்கா கிழக்கா என்று முடிவு செய்யலாம். சில சமயம் வரைபடம் உங்களை ஓசூரிலிருந்தே ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக 844இல் திருப்பிவிடும். அதுவும் நல்ல சாலைதான், தருமபுரிப் பக்கம் அதியமான்கோட்டையில் போய் 44ஐத் தொடும். ஆனால் அந்தப் பக்கக் காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு, இருட்டில் வேண்டாம்.

தங்கும் விஷயத்தில் ஒரு அனுபவம். மலேசியாவிலிருந்து வந்த அத்தை மகன் குடும்பம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு லாட்ஜில் போய் நின்றது. நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள், முகம் நம்ம முகம். மேசையில் இருந்தவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவி திரும்ப ஆணிக்குப் போய்விட்டது. "ஃபாரினர்ஸுக்கு ரூம் தர்றதில்லீங்க." அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், நாங்கள் 'சி' படிவம் என்று சொல்லிப் பழகியது அதைத்தான். அதற்குப் பதிவு செய்துகொள்ளாத சின்ன லாட்ஜுகள் வம்பு வேண்டாம் என்று கைவிரித்துவிடும். இணையத்தில் பணம் கட்டியிருந்தாலும் சரி, கிளம்பும் முன் போன் போட்டு "வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு ரூம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரருக்கு இதே கடமை உண்டு. மாமாவுக்கு அது தெரிந்திருக்காது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: நானே ஓட்டட்டுமா? சட்டப்படி ஓட்டலாம். உங்கள் நாட்டு உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்து வர வேண்டும். இந்தியா சேர்ந்திருப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில். சில நாடுகளில் 1968 ஒப்பந்தப்படி ஒன்று கொடுப்பார்கள், எது உங்கள் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். "தெரிந்த பையன் வண்டி, வாடகைக்குத் தருகிறான்" என்று சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை எடுத்தால், இடித்துக்கொள்ளும் அன்றைக்கு இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

என்னைக் கேட்டால், டிரைவரோடு வண்டி எடுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய லண்டன், சிட்னிக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். நான்கு வழிச் சாலையில் எதிர்த்திசையில் ஒரு பைக் வரும், அதில் மூன்று பேரும் ஒரு புல்லுக்கட்டும் இருக்கும். வேகமாகப் போக வேண்டிய வலது ஓரத்தில் ஒரு லாரி நாற்பதில் ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே வருகிறவன் லைட்டை அடித்துக் காட்டினால் உங்கள் ஊரில் "நீ போ" என்று பொருள். இங்கே "நான் வருகிறேன், நில்" என்று பொருள். இந்த ஒன்றை மாற்றிப் புரிந்துகொண்டாலே போதும், பயணம் ஆஸ்பத்திரியில் முடியும்.

டிரைவர் வண்டி என்றால் கணக்கை முதலிலேயே பேசிவிடுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், டிரைவருக்குத் தினப்படியான பேட்டா எவ்வளவு, ராத்திரி ஓட்டினால் தனியா, டோலும் பார்க்கிங்கும் யார் தலையில். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இல்லாத வண்டி மாநில எல்லையைத் தாண்டினால் பர்மிட் கட்டணமும் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. ஒரு முறை எங்கள் வீட்டு வாசலில் ஏறி வாசலிலேயே இறங்கிய பயணத்துக்கு 140 கிலோமீட்டர் அதிகமாகப் பில் வந்தது. கேட்டால், "ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குத்தானே சார் கணக்கு" என்றார்கள். அவர்கள் ஷெட் பெங்களூர்ப் பக்கம் இருந்ததை யாரும் சொல்லவில்லை. ஏறும்போதே மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். டோல் காசைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் வண்டியில் இருக்கும், அதில் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டோலில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, டிரைவர் எங்கே படுக்கிறார் என்பதையும் கேளுங்கள். நீங்கள் ஏசி அறையில் தூங்க, அவர் கொசுக்கடியோடு வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துக் கிடந்தால், மறுநாள் உங்களைத் தொப்பூரில் இறக்கப் போவது அந்தத் தூங்காத கண்தான். டிரைவர் படுக்கை இருக்கும் ஓட்டலாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன அறைக்குக் காசு கொடுங்கள்.

தொப்பூர் என்றதும் நின்று பேச வேண்டியிருக்கிறது. தருமபுரியைத் தாண்டிச் சேலம் போகும்போது தரை சட்டென்று கீழே இறங்கும். அதுதான் தொப்பூர் கணவாய். பாரம் ஏற்றிய லாரிகளில் சில டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும், பிரேக்கை மட்டுமே மிதித்து மிதித்து அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகள் பேப்பரில் வராத வருடம் இல்லை. போன தடவை சித்தப்பா மகனோடு நானும் முன்சீட்டில் இருந்தேன். மேட்டின் விளிம்புக்கு வந்ததும் எங்கள் டிரைவர் ஏசியை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், மூன்றாவது கியருக்கு வந்தார். வெயில் கொளுத்துகிறது, எதற்கு என்று இவனுக்கு எரிச்சல்.

"பிரேக் லைனிங் கருகுற வாடை வருதான்னு பாக்கறேண்ணா. வாடை வந்தா முன்னாடியோ பின்னாடியோ ஒரு வண்டிக்குப் பிரேக் இல்லைன்னு அர்த்தம்."

இரண்டாவது வளைவில் வாடை வந்தது. இடது ஓரம் ஒதுங்கி நின்றோம். ஒரு டிரெய்லர் எங்களைத் தாண்டிப் போனது, அதன் பின்சக்கரத்தில் லேசாகப் புகை. அது வளைவில் மறையும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு கனடாக்காரன் ஏசி கேட்கவில்லை. தொப்பூரைப் பகலில் இறங்குங்கள், லாரிக்கு நேர் முன்னால் போகாதீர்கள். திரும்பி வரும்போது ஏற்றம். மெதுவாக இருக்கும், பயமில்லை.

சரி, ஒகேனக்கல். அது "போகிற வழியில்" இல்லை. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், கடைசியில் காட்டுக்குள் மலை இறக்கம், வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு பகல் ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பள்ளி லீவு ஜூலை, ஆகஸ்டில். கர்நாடகத்தில் மழை பிடித்து, அணைகள் நிறைந்து, காவிரியில் தண்ணீர் திறந்துவிடுவதும் அப்போதுதான். வெள்ளம் அதிகமானால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடுவார்கள். அருவிகளே முங்கி, ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பும் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். பரிசல் ஓடினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீர்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே வறுத்துத் தருவார்கள். அதைச் சாப்பிடாமல் வந்தால் போனதில் பாதி வீண்.

தடை போட்டிருந்தால் அந்தப் பகலுக்கு வேறு வேலை இருக்கிறது. தருமபுரிதான் பழைய தகடூர், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. கையில் வாளோடு நிற்கும் வீரனைக் கல்லில் காட்டினால் பிள்ளைகள் போனைக் கீழே வைக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த பாப்பாரப்பட்டியும் பக்கம்தான். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். மாம்பழம் வேண்டுமென்றால் மே, ஜூனில் வர வேண்டும். ஆகஸ்டில் வந்து கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஊறுகாய்தான் இருக்கிறது.

ஏதாவது ஆகிவிட்டால்: ஆம்புலன்ஸுக்கு 108, நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, போலீஸ் உட்பட எல்லாவற்றுக்கும் 112. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' என்று 2021இல் தொடங்கிய அரசுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். அதற்காகப் பயணக் காப்பீடு எடுக்காமல் வராதீர்கள், 48 மணி நேரம் சீக்கிரம் முடிந்துவிடும்.

திரும்பும் நாள் பற்றி ஒன்று பாக்கி. கடைசி ராத்திரியையும் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ வையுங்கள், மதுரையிலிருந்து நேராக விமானத்துக்கு ஓடாதீர்கள். ஓசூரிலிருந்து விமான நிலையத்துக்கு மட்டும் பகலில் மூன்று மணி நேரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சித்தப்பா மகன் எடுத்து வைத்தது ஒன்றரை. அவன் அடுத்த விமானம் பிடிக்கும்வரை இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தான், 'சி' படிவத்தை நான்தான் மறுபடியும் நிரப்பினேன்.