ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம் தேர்ந்தெடுப்பது எப்படி? மதுரை மண்ணில் ஓட்டப்போகிறவர்களுக்கு

மழைக்காலத்தில் கண்மாய்க்குள் இறங்கிய மாடுகளின் குளம்புத் தடம் மாசி, பங்குனியில் காய்ந்து கல்லாகிவிடும். நாகமலை அடிவாரத்தில் அப்படியொரு கண்மாயின் உள்வாயில், பின்னால் ஷாக் இல்லாத சைக்கிளை ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சீட்டில் உட்கார முடியாது. எழுந்து நின்றால் பின்சக்கரம் துள்ளும், மிதிக்கிற மிதியில் பாதி வீணாகும். அதே தடத்தில் பின்ஷாக் உள்ள வண்டி, சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டே போகும். உட்கார்ந்தபடியே மிதிக்கலாம்.

முன்னும் பின்னும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் பாறையிலிருந்து குதிப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். கரடுமுரடான தடத்தில் ஏற்றமும் இறக்கமுமாக நெடுந்தூரம் மிதிக்கிற கிராஸ் கன்ட்ரியில் அதன் வேலை வேறு: மிதி அறுபடாமல் காப்பது. மலை சைக்கிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1996 அட்லாண்டாவில். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் பின்ஷாக் அரிது, எடை கூடும் என்று ஒதுக்கினார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் தங்கம் வென்றது பின்ஷாக் உள்ள வண்டியில். ஒவ்வொரு கிராமையும் எண்ணுகிற பந்தயக்காரர்களே அந்தக் கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், காரணம் இந்த அறுபடாத மிதிதான்.

ஃபிரேமைத் தனியாக வாங்கி, மற்ற பாகங்களைச் சேர்த்து வண்டி கட்ட நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபிரேமை முடிவு செய்த நிமிடத்திலேயே சக்கரம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், ஷாக், பெடல் மாட்டும் கிராங்க் எல்லாமே பாதி முடிவாகிவிடும். அதனால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு தாள், ஒரு பேனா, ஒரு டேப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஓட்டப்போகும் தரையை எழுதுங்கள்

ஒரு மாதம் எங்கெல்லாம் ஓட்டுவீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். தார்ச்சாலை, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, சரளை, வேர், பாறை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று போடுங்கள். முக்கால்வாசி தார்ச்சாலையும் நன்றாக மிதிபட்ட கரையும் என்றால் உங்களுக்குப் பின்ஷாக் தேவையில்லை. முன்ஃபோர்க் மட்டும் உள்ள நல்ல வண்டி விலையும் குறைவு, பராமரிப்பும் குறைவு. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவதுதான் ஆசை என்றாலும் அதே பதில்தான், அது தார்ச்சாலை.

அடிவாரத்து ஓடைகள், அழகர்மலைப் பக்கத்துச் சரளை, மேலூர்ப் பக்கத்துப் பாறைப் பொட்டல் என்று பட்டியல் நீண்டால் மேலே படியுங்கள். கிராஸ் கன்ட்ரிக்குப் பின்சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், அதாவது டிராவல், 100 முதல் 120 மி.மீ. போதும். 140, 150 என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். நம் ஊரில் இறக்கம் குறைவு, மிதிக்கிற தூரம் அதிகம். முதல் ஃபிரேமுக்கு 120 என்பது என் தேர்வு. பந்தயத்தில் இறங்குபவர் 100 எடுக்கலாம்.

ஒரு வேண்டுகோளையும் இங்கேயே வைக்கிறேன். கீழக்குயில்குடி சமணர் மலையிலும் அரிட்டாபட்டியிலும் பாறைமேல் சக்கரம் ஏற்றாதீர்கள். சமணர் படுகையும் தமிழி கல்வெட்டும் இருக்கிற இடங்கள் அவை. அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

படி 2: உடம்பை அளங்கள்

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று உயரம் எடுங்கள். பிறகு ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடையிடுக்கில் சீட் அழுத்துவது போல அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். அதுதான் கால் நீளம்.

ஃபிரேமில் எஸ், எம், எல் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லுக்குப் பக்கத்தில் நிற்கும். ஃபிரேமின் நீளங்களையும் கோணங்களையும் கம்பெனி தரும் ஜியாமெட்ரி அட்டவணையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ரீச்: கிராங்க் நடுவிலிருந்து, ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்நுனி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது. இன்னொன்று ஸ்டேக்: அதே நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. 165 முதல் 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு இன்றைய ஃபிரேம்களில் ரீச் சுமாராக 420 முதல் 455 மி.மீ. வரை ஒத்துவரும். இப்போது ஓட்டுகிற வண்டியின் ரீச்சை அளந்து பக்கத்தில் எழுதிக்கொண்டால், புது எண் எப்படி இருக்கும் என்று கை சொல்லிவிடும்.

இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிறீர்களா? வளைந்து நெளிந்த குறுகலான தடம் பிடிக்கும் என்றால் சின்னதை எடுங்கள். நீண்ட நேரான தடம் என்றால் பெரியது. கால் குட்டையாக உள்ளவர்கள் சீட் தண்டு இறங்கும் குழாயான சீட் டியூபின் நீளத்தையும் பார்க்க வேண்டும். அது நீளமாக இருந்தால், இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் போட இடம் இருக்காது.

படி 3: இரண்டு கோணங்கள்

ஹெட் டியூப் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணமான ஹெட் ஆங்கிள் குறையக் குறைய முன்சக்கரம் தள்ளி நிற்கும், இறக்கத்தில் வண்டி நிதானமாக இருக்கும். கூடினால் ஹேண்டில் சட்டென்று திரும்பும். பழைய கிராஸ் கன்ட்ரி ஃபிரேம்களில் 70, 71 டிகிரி இருக்கும். இப்போது 66 முதல் 68 வரை வந்துவிட்டது. புதியவருக்கு 67 பக்கம் நல்லது. சீட் டியூபின் கோணமான சீட் ஆங்கிள் 74 முதல் 76 இருந்தால் ஏற்றத்தில் உடம்பு பின்னால் சரியாமல் பெடலுக்கு மேலேயே நிற்கும். இதற்கு மேல் கோணங்களில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: கீல்களை எண்ணுங்கள்

பின்ஷாக் ஃபிரேம் என்பது கதவும் நிலையும் போல. முன்பாதி நிலை, பின்பாதி கதவு, நடுவில் கீல். அந்தக் கீலைத்தான் கடையில் பிவட் என்பார்கள். ஒவ்வொரு பிவட்டுக்குள்ளும் பேரிங் உண்டு.

ஒரே கீலில் ஆடுவது சிங்கிள் பிவட். எளிமையானது, ஆனால் பின்பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் கொஞ்சம் விறைக்கும். கிராங்கிலிருந்து பின்சக்கரம் வரை போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயில், பின்சக்கர அச்சான பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இன்னொரு கீல் வைத்திருந்தால் அது ஹார்ஸ்ட் லிங்க். பிரேக் பிடித்தாலும் சக்கரம் தாராளமாக நகரும். மேலும் கீழும் இரண்டு குட்டி இணைப்புகளில் பின்பாதி முழுவதும் தொங்குவது டி.டபிள்யூ. லிங்க், வி.பி.பி. வகை. மிதிக்கும்போது அருமையாக நிற்கும், பேரிங் அதிகம். நான்காவது, இன்றைய கிராஸ் கன்ட்ரியில் பரவலாக இருக்கும் ஃபிளெக்ஸ் ஸ்டே. பின் ஆக்சில் பக்கத்தில் கீலே கிடையாது. பின்சக்கரத்தைப் பிடிக்கும் மெல்லிய ஸ்டே குழாய் தானே கொஞ்சம் வளைந்துகொடுக்கும். 100, 120 மி.மீ. டிராவலுக்கு அந்த வளைவு போதும்.

என் முடிவைச் சொல்கிறேன்: நம் ஊருக்கு ஃபிளெக்ஸ் ஸ்டே. கோடையில் மாவு போன்ற செம்மண் தூசி, மழையில் திருமங்கலத்துக்குத் தெற்கே பசை போல் அப்பும் கரிசல், வைகைக்குள் இறங்கினால் நுண்மணல் என்று பேரிங்கைத் தின்பதற்கு இங்கே எல்லாமே இருக்கிறது. கீல் குறைந்தால் வேலையும் குறையும்.

எந்த வகையானாலும் பேரிங் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 6902, 6802 போன்ற பொது எண்ணாக இருந்தால் மோட்டாருக்கும் பம்புக்கும் பேரிங் விற்கிற கடையிலேயே கிடைக்கும். சைக்கிள் கம்பெனிகள் உள்ளே கூண்டில்லாமல், குண்டு நிறைய அடைத்த ரகம் போடுவார்கள். கீல் முழுச் சுற்று சுற்றாது, சில டிகிரிதான் ஆடும், பாரம் ஒரே இடத்தில் விழும் என்பதால் அப்படி. சாதாரண ரகமும் ஓடும், சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கம்பெனிக்கென்றே செய்த அளவு என்றால் அந்த ஃபிரேமை நான் வாங்க மாட்டேன்.

படி 5: ஷாக்கின் அளவு

இதில்தான் நான் அடிபட்டேன். முதல் ஃபிரேமைப் பழையதாக வாங்கினேன். பளபளவென்று இருந்தது, விலையும் கைக்கு எட்டியது. அதன் ஷாக்கின் ஒரு முனை அந்த மாடலுக்கென்றே செய்த தனி இணைப்பில் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எட்டு மாதத்தில் சீல் போய் எண்ணெய் கசிந்தது. மாற்று ஷாக் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஐப்பசியிலிருந்து தை வரை, ஓட்டுவதற்கு மிக நல்ல மாதங்கள் முழுக்க, ஃபிரேம் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஷாக்கில் இரண்டு எண் இருக்கும். 190 x 45 என்றால், ஒரு முனைத் துளையிலிருந்து மறுமுனைத் துளை வரை 190 மி.மீ., உள்ளே அமுங்கும் தூரம் 45 மி.மீ. மேல்முனையில் துளைக்குப் பதிலாக இருபுறமும் போல்ட் ஏறும் டிரனியன் வகையில் 165 x 45 பரவலான அளவு. இவை மெட்ரிக் அளவுகள், இன்று எளிதாகக் கிடைப்பவை. பழைய ஃபிரேம்களில் அங்குலக் கணக்கு இருக்கும். நீளம் ஒன்றாக இருக்கிறதே என்று அமுங்கும் தூரம் கூடுதலான ஷாக்கை மாட்டிவிடாதீர்கள். முழுதாக அமுங்கும்போது பின்டயர் சீட் டியூபில் இடித்து ஃபிரேமே போய்விடும்.

இப்போது ஒரு வகுத்தல். டிராவலை ஷாக் அமுங்கும் தூரத்தால் வகுங்கள். 120 ஐ 45 ஆல் வகுத்தால் சுமார் 2.67. அதாவது ஷாக் 1 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் சராசரியாக 2.67 மி.மீ. நகரும். இந்த எண் ஏறினால், அதே உடல் எடைக்கு ஷாக்கில் அதிகக் காற்று அடிக்க வேண்டும். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் 3-ஐ நெருங்கும் ஃபிரேமைத் தவிர்ப்பது நல்லது. ஷாக்கின் மேலேயே எழுதியிருக்கும் காற்று வரம்பை அவர்கள் தொட்டுவிடக்கூடும்.

படி 6: பொருந்தும் அளவுகள்

தாளில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி விற்பவரிடம் கேளுங்கள். பின் ஆக்சில் 148 x 12 மி.மீ., அதாவது பூஸ்ட் என்ற அளவாக இருக்கட்டும், சக்கரம் தேடுவது சுலபம். சக்கரம் 29 அங்குலம், டயர் 2.4 அங்குலம் வரை நுழைய வேண்டும், நுழைந்த பிறகும் இருபுறமும் விரல் புகும் இடைவெளி மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் கரிசலில் சக்கரம் சுற்றாது, மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்பீர்கள்.

கிராங்க் சுழலும் பேரிங் உட்காரும் பாட்டம் பிராக்கெட் மரை போட்டதாக, 73 மி.மீ. அகலத்தில் இருக்கட்டும். அழுத்திச் செருகும் பிரஸ்ஃபிட் வகை தூசி புகுந்தால் கிரீச்சிடும், கழற்ற நல்ல கருவியும் பழகிய கையும் வேண்டும். கியர் மாற்றும் டீரெய்லரை மாட்டும் கொக்கியான ஹேங்கர், யு.டி.எச். வகையாக இருந்தால் நல்லது. 2019-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் கம்பெனி கொண்டுவந்த பொது அளவு அது. கல்லில் இடித்து வளைந்தால் மாற்று கிடைக்கும். கேபிள்கள், ஹேண்டில் திரும்பும் பேரிங் பகுதியான ஹெட்செட் வழியாக உள்ளே போகும் ஃபிரேம் பார்க்க அழகு. ஆனால் ஹெட்செட் பேரிங் மாற்றவே பிரேக் ஹோஸைக் கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டி வரும். வேண்டாம்.

ஃபிரேமின் முன்முக்கோணத்துக்குள் தண்ணீர் பாட்டில் இரண்டு வைக்க இடம் வேண்டும். சித்திரை வெயிலில், நிழலில்லாத பொட்டலில், ஒரு பாட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எடையில் 200 கிராம் மிச்சம் என்று ஒரே பாட்டில் ஃபிரேம் வாங்கிய நண்பர், இப்போது முதுகில் தண்ணீர்ப் பை சுமக்கிறார்.

படி 7: அலுமினியமா, கார்பனா

ஷாக்கோடு சேர்த்து அலுமினிய ஃபிரேம் 3 கிலோ பக்கம் வரும், கார்பன் 2 கிலோ பக்கம். விலை வித்தியாசம் அந்த ஒரு கிலோவை விடப் பல மடங்கு கனமானது. முதல் ஃபிரேம் அலுமினியமாகவே இருக்கட்டும், மிச்சத்தை நல்ல சக்கரத்தில் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்த்த மொத்தத்தை, அதே வகை முழு வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் முழு வண்டியே மலிவாக முடியும். அப்படியென்றால் தயங்காமல் முழு வண்டியை வாங்குங்கள், இந்தத் தாள் அதற்கும் பயன்படும்.

படி 8: பழையது வாங்கினால்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு முன் ‘டக்’ என்று ஒரு தட்டு கையில் பட்டால் கீலிலோ ஷாக் புஷ்ஷிலோ தேய்மானம் இருக்கிறது. ஷாக்கின் காற்றை விற்பவர் முன்னாலேயே இறக்கி, பின்பாதியைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். சொரசொரப்பு இல்லாமல் நகர வேண்டும். கீலைச் சுற்றியும் வெல்டிங்கை ஒட்டியும் தலைமுடி போன்ற கோடு இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஷாக் தண்டில் நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் சீல் நிற்காது. ஃபிரேம் எண்ணும் பழைய பில்லும் ஒத்துப்போக வேண்டும். பில் இல்லாத ஃபிரேம் யாரோ ஒருவர் தொலைத்ததாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்ததும்

தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதை ஷாக் உடலின் சீலை ஒட்டித் தள்ளிவிட்டு, குலுங்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் சேக். அமுங்கும் தூரத்தில் 20 முதல் 25 விழுக்காடு இருக்க வேண்டும். 45 மி.மீ. ஷாக் என்றால் 9 முதல் 11 மி.மீ. வளையம் கூடுதலாக நகர்ந்தால் ஷாக் பம்பால் காற்று ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள். டயரில் டியூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள், கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேல முள்.

முதல் நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு பிவட் போல்ட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண் போல்ட்டின் தலையிலோ கையேட்டிலோ இருக்கும். புது ஃபிரேமில் அவை கொஞ்சம் தளர்வது வழக்கம். சரிபார்த்த தேதியையும் பேரிங் எண்களையும் அதே தாளில் எழுதி, டூல் பெட்டி மூடிக்குள் ஒட்டிவையுங்கள். என் பெட்டியில் அந்தத் தாள் எண்ணெய்க் கறையோடு இப்போதும் இருக்கிறது.