நிலைமொழியும் வருமொழியும்: இரண்டு டாரட் கார்டுகளைச் சேர்த்துப் படிக்கும் முறை

படக் கார்டுகளை வைத்துப் பலன் சொல்லும் டாரட் முறையைப் பழகத் தொடங்குபவர்கள் இரண்டு கார்டுகளை எடுத்ததும், முதலாவதற்கு ஒரு பலனும் இரண்டாவதற்கு ஒரு பலனும் தனித்தனியே சொல்லி, நடுவில் ‘அதோடு’ என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கோயில் வாசலில் உட்காரும் கிளி ஜோசியருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவருடைய கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். நம்மிடம் இருப்பவையோ 78 கார்டுகள். முன்பின் வரிசையையும் கணக்கில் கொண்டால் அவற்றிலிருந்து 6,006 இணைகள் வரும். அத்தனைக்கும் பலனை மனப்பாடம் செய்ய இயலாது என்பதால், இரண்டு கார்டுகள் சேரும்போது என்ன நிகழ்கிறது என்று பார்க்கப் பழகுவதே வழி.

கார்டுகளைக் கலைப்பதற்கு முன்பே கேள்வியையும் இடத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இடப்பக்கக் கார்டு இப்போதைய நிலை, வலப்பக்கக் கார்டு அதன்மேல் வந்து சேர்வது என்பது நான் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கார்டுகளைப் பார்த்த பிறகு இடத்தை மாற்றிக்கொள்வது கூடாது. அது பலன் கேட்க வந்தவரையும் ஏமாற்றும், நம்மையும் ஏமாற்றும்.

அடுத்து, பலன் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு படங்களையும் ஒரே படமாகப் பாருங்கள். 1909இல் லண்டனில் வெளியான, வெயிட் என்பவர் வகுத்து பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்த ரைடர் கார்டுகளையே நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம். அதில் சிறிய எண் கார்டுகளிலும் மனிதர்களும் நிகழ்ச்சிகளும் வரையப்பட்டிருப்பதால் இது சாத்தியமாகிறது. நைட் ஆஃப் கப்ஸ், அதாவது கோப்பை வகைக் கார்டுகளின் வீரன், வலப்பக்கம் நோக்கிக் குதிரையில் வருகிறான். ஹெர்மிட் என்ற முதிய துறவி விளக்கோடு இடப்பக்கம் நோக்கி நிற்கிறார். நைட் இடத்திலும் ஹெர்மிட் வலத்திலும் விழுந்தால் இருவரும் எதிரெதிரே சந்திக்கிறார்கள், அதாவது காதலையோ கனவையோ ஏந்தி வருபவன் ஒரு பெரியவரின் சொல்லைக் கேட்கும் நிலையில் இருக்கிறான். இடம் மாறி விழுந்தால் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பிரிகிறார்கள்.

படத்தைப் பார்த்தபின் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சி விதி இங்கே எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. இடப்பக்கக் கார்டு நிலைமொழி, வலப்பக்கக் கார்டு வருமொழி. பொன்மலை என்பதில் எதுவும் மாறாததுபோல, த்ரீ ஆஃப் கப்ஸும் டென் ஆஃப் கப்ஸும் சேர்ந்தால் மகிழ்ச்சி மகிழ்ச்சியாகவே நிற்கும். அதைத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். பொன்னும் குடமும் பொற்குடமாகத் திரிவதுபோல, இடிந்து விழும் கோபுரமான டவரை அடுத்து நம்பிக்கையைக் குறிக்கும் ஸ்டார் வந்தால் இடிந்து விழுவதன் பொருளே திரிந்து, வெளிச்சம் வர இடம் விட்ட இடிபாடாகிறது. ஸ்டார் முதலில் வந்து டவர் பின்னால் வந்தால், நம்பிக்கை எதன்மேல் கட்டப்பட்டது என்று கேட்க வேண்டிய நிலை.

மரவேரில் மகரம் கெடுவதுபோல ஒரு கார்டு மற்றொன்றின் வலுவைக் கெடுப்பதும் உண்டு. ஏஸ் ஆஃப் வாண்ட்ஸில் மேகத்திலிருந்து ஒரு கை கோலை நீட்டுகிறது. ஃபோர் ஆஃப் கப்ஸிலும் மேகத்திலிருந்து ஒரு கை கோப்பையை நீட்டுகிறது, ஆனால் மரத்தடியில் கைகட்டி அமர்ந்திருக்கும் இளைஞன் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால், வாய்ப்பு வந்தும் எடுத்துக்கொள்ளப்படாமல் போகிறது. பூங்கொடியில் ஓர் எழுத்து புதிதாகத் தோன்றுவதுபோல, இரண்டிலும் நேராக இல்லாத பொருள் தோன்றுவதும் உண்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸோடு நிலவுக் கார்டான மூன் சேர்ந்தால், கட்டை அவிழ்த்தாலும் நிலவொளியில் எதுவும் தெளிவாகத் தெரியாது என்பதால், ‘இப்போது முடிவெடுக்காதே’ என்ற மூன்றாவது பொருள் பிறக்கிறது.

நெருப்பு, நீர் போன்ற இயற்கைப் பூதங்களின் உறவையும் ஒருமுறை சரிபார்க்கலாம். 1888இல் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான சங்கத்தார் வகுத்த முறையில் கோல் வகையான வாண்ட்ஸ் நெருப்பு, கோப்பை வகையான கப்ஸ் நீர், வாள் வகையான ஸ்வார்ட்ஸ் காற்று, காசு வகையான பென்டக்கிள்ஸ் நிலம். நெருப்பும் நீரும் பகை, காற்றும் நிலமும் பகை. பகையானவை ஒன்றையொன்று தளர்த்தும்.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் சமயத்தில், காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். படகில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்பது அவர் கேள்வி. ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸும் சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸும் விழுந்தன. இரண்டாவது கார்டில் படகைப் பார்த்ததும் “என் படகுதான்” என்றார். காசிமேட்டிலிருந்து வருகிறவர்கள் அனேகமாக அப்படித்தான் சொல்வார்கள்; படத்தில் இருப்பதோ ஒரு பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் ஓடம், வலை வீசும் படகன்று. அதை அவருக்குச் சொன்னேன். முதல் கார்டில் இருப்பவன் ஒரு காசை மார்போடு அணைத்து, இரண்டு காசுகளைக் காலடியில் மிதித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் காலை எடுக்காமல் ஓடத்தில் ஏற முடியாது. நிலமும் காற்றும் பகையாதலால் பிடிப்பும் முழுமையில்லை, புறப்பாடும் முழுமையில்லை. “காலடியில் எதை வைத்திருக்கிறீர்கள் அண்ணே?” என்று கேட்டேன். சற்று நேரம் கழித்து, பங்கைவிட அப்பா பெயரில் ஓடுகிற படகு என்பதுதான் தன்னை விடவில்லை என்றார். போ என்றோ இரு என்றோ நான் சொல்லவில்லை; அதைச் சொல்வது கார்டு பார்ப்பவரின் வேலையும் இல்லை.

தலைகீழாக விழும் கார்டுகளைத் தொடக்கத்தில் நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். தெளிவில்லை என்று மூன்றாவது கார்டை எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பழகுவதற்கு, நாளுக்கு ஓர் இணையை எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் அதை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். பின்பு இரண்டு கார்டுகளையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு வாக்கியம் எழுதுங்கள். இரண்டு வாக்கியங்களும் ஒன்றுபோலவே இருந்தால், படங்களை மறுபடியும் பாருங்கள்.