போன் பேட்டரி: எப்போது மாற்றுவது, எதைப் பார்த்து வாங்குவது

கைபேசியின் பாகங்களில் முதலில் தேய்வது பேட்டரிதான். கீழே விழாத திரை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். பிராசசரும் நினைவகமும் எளிதில் கெடுவதில்லை. லித்தியம் அயனி பேட்டரியோ பயன்படுத்தினாலும் மூப்படைகிறது, பெட்டியிலேயே வைத்திருந்தாலும் மூப்படைகிறது. எனவே போன் வாங்கும் அன்றே, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இதற்கு நல்ல பேட்டரி கிடைக்குமா, அதை யார் மாற்றித் தருவார்கள், என்ன செலவாகும் என்று கேட்டுவிடுவது நல்லது. பின்பக்க மூடியை நகத்தால் திறக்க முடிகிறதா என்பதைவிட இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே போனின் ஆயுளை அதிகம் தீர்மானிக்கிறது.

குறை பேட்டரியில்தானா?

சார்ஜ் நிற்கவில்லை என்றவுடன் பேட்டரியை மாற்றக் கிளம்ப வேண்டாம். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கோபுரத்தை எட்டுவதற்குக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது. வீடோ அலுவலகமோ மாறிய பிறகு சார்ஜ் வேகமாக இறங்கினால் அதுவே காரணமாக இருக்கலாம். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. இரவில் படுக்கும்போது சார்ஜ் அளவைக் குறித்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். சில விழுக்காடு மட்டுமே குறைந்து, வழக்கமான இரவுகளில் அதைவிடப் பல மடங்கு குறைகிறது என்றால், சார்ஜைத் தின்பது நெட்வொர்க்கோ, இணையத்தை ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதோவொரு செயலியோதான். செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் இருக்கும்.

தேய்ந்த பேட்டரிக்கு வேறு அடையாளம் உண்டு. திரையில் 25 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும் போன், கேமராவைத் திறந்தவுடன் அணைந்துவிடும். சார்ஜரில் செருகி மீண்டும் இயக்கினால் ஏறத்தாழ அதே 25 விழுக்காட்டைக் காட்டும். பேட்டரி பழையதாக ஆக அதன் உள்மின்தடை கூடுகிறது. திடீரென்று அதிக மின்னோட்டம் தேவைப்படும்போது மின்னழுத்தம் சரிந்து, போன் இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது. உள்ளே சார்ஜ் இருக்கிறது, ஆனால் வேண்டிய வேகத்தில் வெளியே வர முடியவில்லை. இப்படி அணைந்துபோவதைத் தடுக்கவே பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதன்பின் உத்தரவாதம் முடிந்த போன்களுக்கான பேட்டரி மாற்றுக் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. போன் மெதுவாகிவிட்டது என்று புதிய போன் வாங்கியவர்களில் பலருக்குப் புதிய பேட்டரியே போதுமானதாக இருந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில், புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் எத்தனை விழுக்காடு மீதி உள்ளது என்று காணலாம். சாம்சங் போன்களில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் பரிசோதனைப் பகுதி பேட்டரியின் நிலையைச் சொல்லும். அளவு 80 விழுக்காட்டுக்குக் கீழே போய், மேலே சொன்ன திடீர் அணைவும் சேர்ந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அணைவு எதுவும் இல்லாமல், ஒரு நாள் முழுதும் தாக்குப்பிடிக்கிறது என்றால் 78 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. பேட்டரி உப்பி, திரையோ பின்பக்கமோ தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் எந்த எண்ணையும் பார்க்காதீர்கள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, அமுக்காமல், குத்தாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆயுளைக் குறைப்பவை

சார்ஜ் சுழற்சி என்பது சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு முறையையும் குறிப்பதன்று. மொத்தமாக 100 விழுக்காடு செலவானால் ஒரு சுழற்சி. இன்று 60, நாளை 40 என்று செலவழித்தால் இரண்டு நாள் சேர்ந்து ஒன்று. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுழற்சிக்குப் பிறகும், 15 முதலானவை 1000 சுழற்சிக்குப் பிறகும், உகந்த சூழலில் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் கூறுகிறது.

அந்த "உகந்த சூழல்" என்ற சொல்லில்தான் நமக்குச் சிக்கல். அதே நிறுவனம், சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் எச்சரிக்கிறது. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் நிழலிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நம் ஊரில் பேட்டரியைக் காப்பது என்பது பெரும்பாலும் அதைச் சூட்டிலிருந்து காப்பதுதான். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் போனை விட்டுச் செல்வது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது, வேக சார்ஜரில் செருகியபடியே விளையாடுவது ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பெருமளவு சேதம் குறையும். கம்பியில்லா சார்ஜிங் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவதால் கோடையில் கம்பி வழி சார்ஜிங்கையே முதலில் நாடலாம்.

முழு சார்ஜும் சூடும் ஒன்றுசேர்வது மிக மோசமான நிலை. பல போன்களில் இப்போது 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. நாள் முழுதும் மேசைக்கு அருகிலேயே இருப்பவர்கள் அதை இயக்கிவைக்கலாம். பயணம் செல்லும் நாளில் தயங்காமல் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள், பேட்டரி நமக்காகத்தானே இருக்கிறது. முற்றிலும் வடிந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது தீங்கே செய்யும்.

கழற்றும் பேட்டரியா, ஒட்டிய பேட்டரியா?

இந்தக் கேள்விக்கு இரண்டு நிகழ்ச்சிகள் நல்ல விளக்கம். 2007 ஆகஸ்ட்டில், நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரிகளில் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று அறிவிப்பு வந்தது. இந்தியாவிலும் மக்கள் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியில் அச்சிட்ட எண்ணைச் சரிபார்த்தார்கள்; குறையுள்ளது என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், போன் அவர்களிடமே இருந்தது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது, பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்ததால் முழுப் போனையும் திருப்பித் தர வேண்டியிருந்தது. மாற்றித் தந்த போன்களும் தீப்பிடிக்கவே, அந்த மாடலே அக்டோபரில் கைவிடப்பட்டது.

ஒட்டிய பேட்டரிக்கும் நியாயங்கள் இல்லாமல் இல்லை. பயனர் கையில் எடுக்கும் பேட்டரிக்கு உறுதியான வெளிக்கூடு வேண்டும், அதைத் தாங்கத் தனி அறை வேண்டும், தொடுமுனைகள் வேண்டும். இவை பிடிக்கும் இடத்தில் இன்னும் சற்றுப் பெரிய பேட்டரியை வைக்கலாம். மெல்லிய உறையில் அடைத்த பேட்டரியை உள்ளேயே ஒட்டிவிட்டால் அந்த இடம் மிச்சமாகிறது. திருடியவன் ஒரு நொடியில் பேட்டரியை உருவிப் போனை அணைத்துவிடவும் முடியாது. ஆனால் தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5 போனில் பேட்டரியைக் கழற்றலாம், தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி67 தரமும் அதற்கு உண்டு. அடுத்த ஆண்டு வந்த எஸ்6 மூடி ஒட்டப்பட்டு வந்தது. அதன் பேட்டரி 2800இலிருந்து 2550 மில்லி ஆம்பியர் மணியாகக் குறைந்தது, நீர்த்தடுப்புத் தரமும் இல்லை. இன்றும் அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர் 7 போனில் கழற்றும் பேட்டரியும் ஐபி68 தரமும் ஒன்றாக இருக்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலை, தடித்த உடலும் 4050 மில்லி ஆம்பியர் மணி என்ற நடுத்தரக் கொள்ளளவும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திவரும் விதி இந்தக் கொடுக்கல் வாங்கலை நேர்மையாக எழுதிவைத்திருக்கிறது. பேட்டரியைப் பயனரே மாற்றும்படி போனைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் 500 சுழற்சிக்குப் பின் 83 விழுக்காடும் 1000 சுழற்சிக்குப் பின் 80 விழுக்காடும் கொள்ளளவு மீதமிருக்க வேண்டும், போன் தூசி புகாததாகவும் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அங்கே விற்கும் போன்களின் ஆற்றல் முத்திரையில் பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும் என்ற எண் அச்சிடப்படுகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அங்கும் விற்கப்படுகிறதென்றால் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். ஆனால் இந்தியாவுக்கான வடிவத்தில் பேட்டரி வேறாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கழற்றும் பேட்டரி உள்ள போனை வாங்குபவர்கள் செய்யும் தவறு, அன்றே இரண்டு உபரி பேட்டரிகளை வாங்கி அலமாரியில் வைப்பது. நான்கு ஆண்டுகள் கழித்து எடுக்கும்போது அவையும் நான்கு வயதானவையாக இருக்கும். இரண்டாம் ஆண்டு முடிவில், அந்த மாடலுக்கு நிறுவனத்தின் பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கும்போதே ஒன்று வாங்குவது போதும். உடனே பயன்படுத்தாவிட்டால் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பாதி அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

மாற்றும்போது

ஒட்டிய பேட்டரியை முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள்; வெளிக்கடையில் கிடைக்கும் சேமிப்பு பல நேரங்களில் நாம் நினைப்பதைவிடச் சிறியது. வெளிக்கடைதான் என்றால், பொருத்துவதற்கு முன் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் யார் பெயரில் பதிவானது என்று தெரியும். தயாரித்த தேதி ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அசலின் அதே அளவில் இருந்துகொண்டு ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தால் அது போலி என்றே கொள்ளுங்கள்.

மூடியைச் சுற்றியுள்ள ஒட்டுப்பட்டையைப் புதிதாகப் போடுவார்களா என்பதையும் கேளுங்கள். போட்டாலும், ஒருமுறை திறந்த போனை நீரில் நனைத்துச் சோதிக்க வேண்டாம். ஐபோன் எக்ஸ்எஸ் முதலானவற்றில் அசல் அல்லாத பேட்டரியைப் பொருத்தினால் செட்டிங்ஸில் அறிவிப்பு வரும்; அதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்கிறாரா என்று கவனித்தால் அவருடைய நேர்மை பிடிபடும். நீங்களே திறப்பவர் என்றால், சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிய பிறகே தொடங்குங்கள், ஏனெனில் சார்ஜ் குறைந்த பேட்டரி கிழிந்தாலும் தீயின் வேகம் குறைவாக இருக்கும். பசையை மிதமான சூட்டில் இளக்கி, உலோகக் கருவியைத் தவிர்த்து பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல எடுக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் இந்த முயற்சியே வேண்டாம்.

எடுத்த பழைய பேட்டரியைக் குப்பையில் போடக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதே சுமத்தியிருக்கின்றன. தொடுமுனைகளின்மேல் டேப் ஒட்டி சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள்.